இலவசக் காணியும் கடன்பட்ட கமக்காரனும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் எல்லைப்புறக் குடியேற்றமும் விவசாயிகள் இயக்கங்களும்

1893ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, சிக்காகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியையொட்டிக் கூடிய வரலாற்றாசிரியர் மாநாட்டில், பிரெடெரிக் ஜாக்சன் ரேணர் என்னும் இளம் பேராசிரியர் ஒரு கட்டுரையைப் படித்தார். குடியேற்றத்தின் எல்லைக்கோடு எனத் தனியே சுட்டத்தக்க ஒன்று இனி இல்லையென 1890ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு அறிவித்திருந்தது. அவ்வறிவிப்பையே தமது தொடக்கமாகக் கொண்ட ரேணர், மேற்கே விரிந்து கிடந்த வெற்று நிலமும் அதனை நோக்கிய மக்களின் இடையறாப் பெயர்ச்சியுமே அமெரிக்க மக்களின் தனித்துவத்தையும் சனநாயக உணர்வையும் உருவாக்கின என வாதிட்டார். அமெரிக்க வரலாற்றியலில் இக்கருத்துப் பெற்ற செல்வாக்கு மிகப் பெரிது. ஏறத்தாழ இரண்டு தலைமுறை வரலாற்று மாணவர் இதனை ஓர் அடிப்படை உண்மையாகவே ஏற்றுக் கற்றனர் எனலாம்.

ஆயின், ரேணர் அக்கட்டுரையைப் படித்த அதே கோடைகாலத்தில் நாடெங்கும் வங்கிகள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. கோதுமையினதும் பருத்தியினதும் விலைகள் வீழ்ந்துகொண்டிருந்தன. அவர் போற்றிய எல்லைப்புறத்தின் விவசாயிகள் அதற்கு ஓராண்டின் முன்னரே இரு பெருங் கட்சிகளையும் நிராகரித்து, புகையிரதங்களை அரசுடைமையாக்க வேண்டுமென்று கோரும் புதிய கட்சியொன்றை அமைத்திருந்தனர். எல்லைப்புறம் சுதந்திர விவசாயியை உருவாக்கியது உண்மையாயின், அச்சுதந்திர விவசாயி தனது சுதந்திரம் பறிபோயிற்றெனக் கூறிக் கிளர்ந்தெழுந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே எமது நோக்கமாகும். இதற்கு, காணி எவ்வாறு பெறப்பட்டது, எவ்வாறு பகிரப்பட்டது, அதன் விளைச்சல் யாருடைய பிடிக்குள் அகப்பட்டது என்பவற்றை முதலில் நோக்கி, அதன் பின்னரே இயக்கங்களை நோக்குதல் பொருந்தும்.

காணியும் அதன் முன்னைய உரிமையாளரும்

மேற்குநிலம் ‘வெற்று நிலம்’ என்பது ஒரு புனைவு. அந்நிலத்திலே வேட்டையாடியும் பயிர்செய்தும் வாழ்ந்த ஆதிக்குடிகளிடமிருந்து அது ஒப்பந்தங்களாலும் படைபலத்தாலும் பெறப்பட்டது. 1830ஆம் ஆண்டின் அகற்றற் சட்டம் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த குடிகளை அவ்வாற்றுக்கு மேற்கே துரத்துவதற்கு வழிவகுத்தது. மேற்கிலே நிகழ்ந்ததற்கு மினசோட்டாவின் டக்கோட்டா மக்களின் கதை தக்க சான்றாகும். 1851ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் அவர்கள் தமது நிலத்தின் பெரும்பகுதியைக் கையளித்து, மினசோட்டா ஆற்றங்கரையில் ஓர் ஒடுங்கிய நிலத்துண்டுக்குள் அடங்கினர். அதற்கீடாக வழங்கப்படவிருந்த பணத்திலும் ஒரு பெரும்பகுதியை, டக்கோட்டா மக்கள் தமக்குக் கடன்பட்டிருப்பதாகக் கூறிய வணிகர்கள் பெற்றுக்கொண்டனர். 1862ஆம் ஆண்டில் அரசாங்கப் பணம் வந்து சேரத் தாமதமாயிற்று. வணிகர்கள் கடனுக்கு உணவு வழங்க மறுத்தனர். பசியினால் மூண்ட போரிலே குடியேறியோர் சில நூற்றுவர் கொல்லப்பட்டனர். முடிவில், அவ்வாண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, மன்கேற்றோ என்னுமிடத்தில் 38 டக்கோட்டாக்கள் ஒரே வேளையில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டு அவர்களின் ஒப்பந்தங்கள் செல்லுபடியற்றவையாக்கப்பட்டு, மக்கள் மாநிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர்.

அத்தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டு ஆறு நாட்களின் பின்னர், 1863 சனவரி 1ஆந் திகதி, குடியிருப்புக் காணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளின் அண்மை தற்செயலானதாக இருக்கலாம். அவற்றின் தொடர்பு தற்செயலானதன்று. ஒருவனுக்கு இலவசமாக வழங்கப்பட்ட காணி மற்றொருவனிடமிருந்து பறிக்கப்பட்டதே. 1887ஆம் ஆண்டின் டோஸ் சட்டம் ஆதிக்குடிகளின் பொதுநிலத்தைத் தனியார் துண்டுகளாகப் பிரித்து, எஞ்சியதைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. அவ்வாண்டில் அவர்களிடமிருந்த சுமார் 13 கோடியே 80 இலட்சம் ஏக்கர், 1934ஆம் ஆண்டளவில் சுமார் 4 கோடியே 80 இலட்சம் ஏக்கராகக் குறைந்தது. பின்னர் நாம் காணவுள்ள விவசாயிகள் இயக்கங்கள் எதுவும் இப்பறிப்பைக் கேள்விக்குள்ளாக்கவில்லை என்பதை ஈண்டே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

சட்டமும் நடைமுறையும்

1862 மே 20ஆந் திகதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியிருப்புக் காணிச் சட்டம் தன் காலத்தில் முற்போக்கானதொன்றென்பதில் ஐயமில்லை. 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ ஆன ஒருவர், குடியுரிமை பெற்றவராகவோ பெற விரும்புவதாக அறிவித்தவராகவோ இருப்பின், 160 ஏக்கர் பொதுநிலத்தைக் கோரலாம். ஐந்தாண்டுகள் அதில் வசித்துப் பயிர்செய்தால், சிறு கட்டணத்துடன் உறுதி அவருக்கு வழங்கப்படும். தனித்து வாழும் பெண்களும், புதிதாக வந்த ஐரோப்பியக் குடியானவரும், 1866இன் பின்னர் விடுதலைபெற்ற கறுப்பின மக்களும் சட்டத்தின் எழுத்தளவில் இதற்கு உரித்துடையோராயினர். தென்மாநிலப் பெருந்தோட்ட முதலாளிகள் இத்தகைய சட்டத்தைப் பல்லாண்டுகளாகத் தடுத்து வந்தனர் என்பதும், உள்நாட்டுப் போரில் அவர்களின் பிரதிநிதிகள் கொங்கிரசினின்றும் விலகிய பின்னரே இது நிறைவேறியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

ஆயின், அதே 1862 யூலை 1ஆந் திகதி பசுபிக் புகையிரதச் சட்டமும் நிறைவேறியது. மத்திய அரசாங்கம் புகையிரதக் கம்பனிகளுக்கு மொத்தமாக வழங்கிய பொதுநிலம் ஏறத்தாழ 13 கோடி ஏக்கராகும். மறுபுறம், 1900ஆம் ஆண்டு வரை குடியிருப்புக் காணிச் சட்டத்தின்கீழ் உறுதிபெற்ற சுமார் 6 இலட்சம் பேருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 8 கோடி ஏக்கரே. பாதையோரத்து நிலம் கம்பனிக்குரியதாகையால், இலவசக் காணியை நாடியவன் சந்தைக்குத் தொலைவான இடத்துக்குச் சென்றான். அல்லது பாதையோரக் காணியைக் கம்பனியிடம் விலைகொடுத்து வாங்கினான். வரலாற்றறிஞர் போல் வாலஸ் கேற்ஸ் 1936இல் வெளியிட்ட ஆய்வில், குடியிருப்புக் காணிச் சட்டம் தன்னோடு முரண்பட்ட காணி முறையொன்றுக்குள் செருகப்பட்டதென நிறுவினார். அச்சட்டத்தின் பின்னரும் காணி விற்பனையும் ஊகவாணிகமும் நிற்கவில்லை. ஆறு மாத வசிப்பின்பின் ஏக்கருக்கு 1.25 டொலர் செலுத்தி உறுதிபெறலாம் என்னும் பிரிவு மரக் கம்பனிகளுக்கும் மாட்டுப்பண்ணை முதலாளிகளுக்கும் வாய்ப்பாயிற்று.

காணி இலவசமாயினும் கமம் இலவசமன்று. புற்றரையின் அடர்ந்த வேர்ப்பின்னலைப் பிளக்க உருக்குக் கலப்பை வேண்டும். இழுக்க எருதோ குதிரையோ வேண்டும். மரமற்ற வெளியிலே வேலியிட முட்கம்பி வேண்டும். ஆழத்து நீரை இறைக்கக் காற்றாலை வேண்டும். முதல் விளைச்சல் வரை உண்ண உணவு வேண்டும். வீடு மட்டுமே மலிவாயிருந்தது, புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி அதனைக் கட்டினராகையால். கிழக்கு நகரத்து வேலையிழந்த தொழிலாளியிடம் இவற்றுக்குரிய முதல் இருக்கவில்லை. எல்லைப்புறம் நகரத் தொழிலாளரின் துயருக்கு வடிகாலாயிற்று என்ற கூற்றைப் பின்வந்த ஆய்வாளர் வலுவாக மறுத்தமைக்கு இதுவே காரணம்.

இயற்கையும் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. ஜோன் வெஸ்லி பவல் 1878ஆம் ஆண்டு சமர்ப்பித்த அறிக்கையில், மேற்கு நெடுங்கோடு 100 பாகைக்கு அப்பால் ஆண்டு மழைவீழ்ச்சி 20 அங்குலத்துக்கும் குறைவென்றும், அங்கு 160 ஏக்கர் என்னும் அளவு பொருந்தாதென்றும் காட்டினார். நீர்ப்பாசனமுள்ள இடத்தில் 80 ஏக்கர் போதும்; மேய்ச்சல் நிலமாயின் 2,560 ஏக்கர் வேண்டும் என்பது அவர் பரிந்துரை. கொங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. மாறாக, நிலத்தை உழ உழ மழையும் பெருகும் என்னும் கொள்கையைக் காணி விற்போரும் புகையிரத முகவர்களும் பரப்பினர். 1880களின் நடுப்பகுதியில் மழை மிகுந்து பெய்தமை அக்கொள்கையை மெய்ப்பிப்பதுபோல் தோன்றியது. 1887இல் வறட்சி தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் மேற்குக் கன்சாசின் மக்களிற் பாதியளவினர் வெளியேறினர் எனக் கணிக்கப்படுகின்றது.

சந்தையின் பிடி

வறட்சி விவசாயியின் துயரை மிகுவித்தது. ஆயின் அதன் வேர் வேறிடத்தில் இருந்தது. மினசோட்டாவின் கோதுமைக்கும் ஜோர்ஜியாவின் பருத்திக்கும் விலையை நிருணயித்தது இங்கிலாந்தின் லிவர்பூல் சந்தையாகும். 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் பஞ்சாப் கோதுமையும், ருசியக் கோதுமையுடன் சேர்ந்து, அச்சந்தையிற் போட்டியிட்டது. 1870களின் தொடக்கத்தில் ஒரு டொலரளவில் இருந்த ஒரு புசல் கோதுமையின் விலை 1894இல் ஏறத்தாழ 50 சதமாகச் சரிந்தது. ஒரு இறாத்தல் பருத்தி அவ்வாண்டில் 5 சதத்துக்கும் குறைவாக விற்றது. சோளத்தை விற்பதிலும் அதனை அடுப்பெரிப்பது இலாபம் எனக் கருதுமளவுக்குக் கன்சாசிலும் நெப்ராஸ்காவிலும் விலை வீழ்ந்த காலமும் உண்டு.

இவ்விலை வீழ்ச்சியோடு நாணயக் கொள்கை பிணைந்திருந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வெளியிடப்பட்ட காகித நாணயத்தை அரசாங்கம் சுருக்கிற்று. 1873ஆம் ஆண்டு வெள்ளி நாணயத்தைக் கைவிட்டது. 1879 சனவரி முதல் காகித நாணயத்தைப் பொன்னாக மாற்றும் முறையை நடைமுறைப்படுத்தியது. மக்கள் தொகையும் உற்பத்தியும் பெருக, பணம் அதற்கேற்பப் பெருகவில்லை. இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். கோதுமை புசல் ஒரு டொலர் விற்கும் காலத்தில் 1,000 டொலர் கடன்பட்டவன் 1,000 புசலால் அதனைத் தீர்க்கலாம். விலை 50 சதமாகும்போது அதே கடனுக்கு 2,000 புசல் வேண்டும். வட்டி வேறு. கடன்பட்டவன் எவ்வளவு பாடுபட்டாலும் கடன் வளர்ந்தது; கடன் கொடுத்தவன் வாளாவிருந்தே ஆதாயம் பெற்றான்.

மேற்கிலே கடன் காணி ஈட்டின் வடிவத்தில் வந்தது. 1880களில் கிழக்கு மாநிலங்களின் சேமிப்புப் பணத்தை ஈட்டுக் கம்பனிகள் கன்சாசிலும் டக்கோட்டாவிலும் தாராளமாகக் கொட்டின. கன்சாசில் மாத்திரம் 1889 முதல் 1893 வரை 11,000க்கும் மேற்பட்ட காணிகள் ஈட்டுக்காகப் பறிமுதலாயின. விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பும்போது ஒரு பாதையும் ஒரு கம்பனியுமே உள்ள ஊர்களில் கட்டணம் மிகுதி. போட்டியுள்ள நீண்ட தூரத்துக்குக் குறைவு. புகையிரத நிலையத்தருகே நின்ற தானியக் களஞ்சியத்தின் சொந்தக்காரனே தானியத்தை நிறுத்தான், தரம்பிரித்தவனும் அவனே, விலை சொன்னவனும் அவனே.

தெற்கிலே இது வேறு வடிவில் நிலவியது. போரின்பின் அங்கு வங்கிகள் அருகிப் போயின. காணியற்ற கறுப்பின மக்களும், வரவர வறிய வெள்ளை விவசாயிகளும், கிராமத்துக் கடைக்காரனிடம் தமது விளையப்போகும் பயிரை ஈடுவைத்து உணவும் விதையும் உரமும் பெற்றனர். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு வேறொரு விலை. எதனைப் பயிரிடுவது என்பதையும் கடைக்காரனே தீர்மானித்தான். உடன் பணமாகும் பருத்தியையே அவன் வேண்டினான். எனவே உணவுப்பயிர் குறைந்தது. உணவுக்கே கடன்படும் நிலை வந்தது. பருத்தியை ஒப்படைத்த பின்னரும் கணக்குத் தீராவிடின், அடுத்த ஆண்டின் பயிரும் அதே கடைக்காரனுக்கே ஈடாயிற்று. 1880இல் நாட்டின் கமங்களில் ஏறத்தாழ 26 சதவீதமானவை குத்தகையாளரால் நடத்தப்பட்டன. 1900இல் இது 35 சதவீதமாகியது. இலவசக் காணியின் காலமே குத்தகை பெருகிய காலமுமாகும்.

கிறேஞ்ச் இயக்கம்

இந்நிலைக்கெதிரான முதலாவது பரந்த அமைப்பு 1867 டிசெம்பர் 4ஆந் திகதி வாசிங்டனில் நிறுவப்பட்ட ‘கிறேஞ்ச்’ ஆகும். இதன் அமைப்பாளர் ஒலிவர் ஹட்சன் கெலி விவசாயத் திணைக்களத்தில் எழுதுவினைஞராயிருந்தவர். போரினாற் சிதைந்த தென்மாநிலங்களை நேரிற் கண்டவர். கமக்காரரின் தனிமையைப் போக்குவதும் அறிவைப் பரப்புவதுமே தொடக்க நோக்கங்கள். பெண்கள் முழு உறுப்பினராகச் சேர்க்கப்பட்டமை அக்காலத்தில் ஒரு புதுமை. 1873இன் பொருளாதார நெருக்கடியின்பின் இது வேகமாக வளர்ந்தது. 1875இல் உறுப்பினர் தொகை 8 இலட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டியது. கூட்டுறவுக் கடைகளும் களஞ்சியங்களும் தொடங்கப்பட்டன.

இலினோய், ஐயோவா, மினசோட்டா, விஸ்கொன்சின் ஆகிய மாநிலங்களில் புகையிரதக் கட்டணத்தையும் களஞ்சியக் கட்டணத்தையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் 1870களின் முற்பாதியில் நிறைவேறின. 1877ஆம் ஆண்டு ‘மண் எதிர் இலினோய்’ வழக்கில், பொதுநலனோடு பிணைந்த தனியார் சொத்தினை அரசு கட்டுப்படுத்தலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1886இல் மற்றொரு வழக்கிலே, மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்தை மாநில அரசுகள் கட்டுப்படுத்த இயலாதெனக் கூறி அதே நீதிமன்றம் அவ்வெற்றியின் பெரும்பகுதியைப் பறித்தது. மறு ஆண்டு கொங்கிரஸ் நிறைவேற்றிய மாநிலங்களிடை வாணிபச் சட்டம் ஓர் ஆணைக்குழுவை அமைத்ததாயினும், அதற்குப் போதிய அதிகாரம் வழங்கவில்லை. கிறேஞ்ச் காட்டிய வழி சட்டவழி. அதன் எல்லை நீதிமன்ற வாயிலோடு முடிந்தது.

கூட்டணியும் உப திறைசேரித் திட்டமும்

இரண்டாவது அலை தெற்கிலிருந்து எழுந்தது. 1877ஆம் ஆண்டளவில் ரெக்சாஸ் மாநிலத்தின் லம்பாசஸ் பகுதியில் சில விவசாயிகள் தொடங்கிய கமக்காரர் கூட்டணி, பயணஞ்செய்யும் சொற்பொழிவாளர்களையும் கிராமக் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் துணைக்கொண்டு தெற்கெங்கும், பின்னர் மேற்குச் சமவெளியிலும் பரவியது. 1886ஆம் ஆண்டு தென்மேற்குப் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, ரெக்சாஸ் கூட்டணியின் கிளைகள் பல அவர்களுக்கு உணவுப் பொருள்கள் வழங்கின. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் கிளீபேண் நகரில் கூட்டணி நிறைவேற்றிய கோரிக்கைகள் தொழிலாளர் உரிமையையும் காணி, புகையிரதம், நாணயம் ஆகியவற்றையும் ஒருங்கே பேசின.

கூட்டணியின் தலைவர்களுள் ஒருவரான சார்ள்ஸ் மக்கியூன் 1887இல் டலஸ் நகரில் ஒரு கூட்டுறவு நிலையத்தை நிறுவினார். விவசாயிகள் கூட்டாகப் பிணைநின்று கையொப்பமிட்ட பத்திரங்களை வங்கிகளுக்கு ஈடுவைத்து, கடைக்காரனை விலக்கிப் பொருள்களை மொத்தமாகக் கொள்வனவு செய்வதும் பருத்தியை நேரடியாக விற்பதும் திட்டம். வங்கிகள் அப்பத்திரங்களை ஏற்க மறுத்தன. 1888 யூன் 9ஆந் திகதி ரெக்சாஸ் விவசாயிகள் தத்தம் பகுதி நீதிமன்ற முன்றல்களில் திரண்டு, நிலையத்தைக் காக்கத் தம்மிடமிருந்த சிறு பணத்தை ஈந்தனர். ஆயினும் அது நிலைக்கவில்லை, 1889இல் மூடப்பட்டது. அதேவேளை, பருத்திப் பொதிக்கு வேண்டிய சணற்சாக்கின் விலையை உற்பத்தியாளர் கூட்டு உயர்த்தியபோது, பருத்தித் துணியாலேயே பொதிகட்டி விவசாயிகள் அதனை முறியடித்தனர். வங்காளத்தில் விளையும் சணல் ஜோர்ஜியாவின் ஏழையையும் தாக்குமளவுக்கு உலகச் சந்தை விரிந்திருந்தமைக்கு இது ஒரு சான்று.

டலஸ் நிலையத்தின் வீழ்ச்சி புகட்டிய பாடம் தெளிவானது. கடனை வழங்கும் அதிகாரம் வங்கிகளிடம் இருக்குமட்டும் கூட்டுறவு வெல்லாது. இப்பாடத்திலிருந்தே 1889 டிசெம்பரில் சென் லூயிஸ் மாநாட்டில் முன்வைக்கப்பட்ட உப திறைசேரித் திட்டம் பிறந்தது. இதன்படி அரசாங்கம் களஞ்சியங்களை அமைக்கும்; விவசாயி தனது பருத்தியையோ தானியத்தையோ அங்கு வைத்து, அதன் சந்தைப் பெறுமதியில் 80 சதவீதத்தை ஆண்டுக்கு ஒரு சதவீத வட்டியில் சட்டபூர்வப் பணமாகப் பெறுவான்; ஓராண்டுக்குள் விலை உயரும் வேளையில் விற்றுக் கடனைத் தீர்ப்பான். கடைக்காரன், களஞ்சியக்காரன், வங்கி என்னும் மூவரின் பிடியையும் ஒரே கருவியால் தளர்த்த முயன்ற திட்டம் இது. பணத்தின் அளவை உற்பத்தியோடு பிணைக்கும் கருத்தும் இதனுள் அடங்கியிருந்தது. இதனை நிறைவேற்ற அரசு வேண்டும். அரசினைப் பெறக் கட்சி வேண்டும். கூட்டுறவிலிருந்து அரசியலுக்கு விவசாயிகளை இட்டுச்சென்ற தருக்கம் இதுவாகும்.

நிறக்கோடு

கமக்காரர் கூட்டணி வெள்ளையரை மாத்திரமே உறுப்பினராக ஏற்றது. 1886இல் ரெக்சாசில் தோன்றிய கறுப்பினக் கமக்காரர் கூட்டணி, தனக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர் உண்டெனக் கூறியது. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம், அதன் பரப்பு மறுக்கற்பாலதன்று. இரு கூட்டணிகளும் புகையிரதம், நாணயம் பற்றிய கோரிக்கைகளில் உடன்பட்டன. ஆயின் ஒன்றின் உறுப்பினருட் பலர் காணியுடையோர். மற்றதன் உறுப்பினருட் பெரும்பாலோர் வாரத்துக்குப் பயிர்செய்வோரும் கூலியாட்களுமாவர்.

1891 செப்ரெம்பரில் இம்முரண்பாடு வெளிப்பட்டது. கறுப்பினக் கூட்டணியின் தலைமை பருத்தி பறிப்போர் வேலைநிறுத்தமொன்றுக்கு அழைப்பு விடுத்தது. 100 இறாத்தல் பருத்தி பறிப்பதற்கு ஒரு டொலர் கூலி என்பது கோரிக்கை. வெள்ளையர் கூட்டணியின் தலைவர் லியோனிடாஸ் போக் அதனை எதிர்த்தார். பெரும்பாலான இடங்களில் வேலைநிறுத்தம் தொடங்கவேயில்லை. அர்க்கன்சாசின் லீ பகுதியில் தொடங்கியபோது, ஆயுதந்தாங்கிய கும்பல் அதனை நசுக்கியது; சுமார் 15 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர். கறுப்பினக் கூட்டணி அதன்பின் தலைதூக்கவில்லை. விவசாயி என்னும் ஒரே சொல்லுக்குள் காணிச் சொந்தக்காரனும் அவனிடம் கூலிக்கு உழைப்பவனும் அடக்கப்பட்டபோது, அச்சொல் யாருடைய நலனைக் குறித்தது என்பது இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

மக்கள் கட்சியும் 1896ஆம் ஆண்டும்

1890ஆம் ஆண்டுத் தேர்தலில் கன்சாஸ் மாநிலத்தின் கீழ்ச்சபையை விவசாயிகளின் புதிய கட்சி கைப்பற்றியது. மேரி எலிசபெத் லீஸ் முதலிய பெண் பேச்சாளர்கள் அப்பிரசாரத்தில் முன்னணியில் நின்றனர், அவர்களுக்கே வாக்குரிமை இல்லாத நிலையில். 1892 யூலை 4ஆந் திகதி ஒமாகா நகரில் மக்கள் கட்சி தனது கொள்கைத் திட்டத்தை ஏற்றது. புகையிரதம், தந்தி, தொலைபேசி ஆகியவற்றின் அரசுடைமை, படிமுறை வருமானவரி, உப திறைசேரி அல்லது அதற்கொப்பான முறை, தங்குதடையற்ற வெள்ளி நாணயம், அஞ்சற் சேமிப்பு வங்கி, ஊகவாணிகத்துக்காக வைத்திருக்கும் காணிகளை மீட்டல் என்பன அதன் கூறுகள். இரகசிய வாக்கெடுப்பும், செனற்றர்களை மக்கள் நேரடியாகத் தெரிதலும் துணைத் தீர்மானங்களாயின. சனாதிபதி வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளும் 22 தெரிவாளர் வாக்குகளும் பெற்றார்.

தெற்கிலே இக்கட்சி ஒரு துணிகரமான முயற்சியில் இறங்கியது. ஜோர்ஜியாவின் ரொம் வாட்சன், ஒரே கடன்முறை வெள்ளை ஏழையையும் கறுப்பு ஏழையையும் கொள்ளையிடுவதால் இருவரும் ஒன்றுபட வேண்டுமென மேடைகளில் வாதித்தார். வட கரோலினாவில் மக்கள் கட்சியும் கறுப்பின மக்கள் ஆதரித்த குடியரசுக் கட்சியும் இணைந்து 1894இல் சட்டசபையைக் கைப்பற்றின. ஆளும் வகுப்பினர் இதற்கு மோசடியாலும் வன்முறையாலும் விடையளித்தனர். 1898 நவம்பர் 10ஆந் திகதி வில்மிங்டன் நகரில் தெரிவுசெய்யப்பட்ட நகராட்சி ஆயுத பலத்தாற் கவிழ்க்கப்பட்டது. கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டனர். லூயிசியானாவில் 1896இல் 1 இலட்சத்து 30 ஆயிரமாயிருந்த பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர் தொகை, 1898இன் அரசியலமைப்பின் பின்னர், 1904இல் 1,342 ஆகியது. வாக்குவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வறிய வெள்ளையர் பலரின் வாக்கையும் பறித்தன. வாட்சனே பிற்காலத்தில் கொடிய இனவெறிப் பிரசாரகராக மாறினார்.

தேசிய அளவிலே முடிவு 1896இல் வந்தது. சனநாயகக் கட்சி வெள்ளி நாணயக் கோரிக்கையை மாத்திரம் தனதாக்கி, நெப்ராஸ்காவின் வில்லியம் ஜெனிங்ஸ் பிறயனை வேட்பாளராக நியமித்தது. மக்கள் கட்சியும் பெரும் விவாதத்தின் பின் அவரையே ஏற்று, துணைச் சனாதிபதிக்கு வாட்சனை நிறுத்தியது. ஒமாகாத் திட்டத்தின் உயிர்க்கூறுகளான புகையிரத அரசுடைமையும் உப திறைசேரியும் பின்தள்ளப்பட்டன. வெள்ளிச் சுரங்க முதலாளிகளும் ஆதரிக்கக்கூடிய ஒரு கோரிக்கையே எஞ்சியது. கிழக்கு நகரத் தொழிலாளருக்கு உணவுப் பொருளின் விலையேற்றத்தால் உடனடி நன்மையில்லை. பிறயனின் பிரசாரம் அவர்களின் கூலியையோ வேலைநேரத்தையோ பற்றித் திருப்தியான விடை தரவில்லை. பெருமுதலாளிகளின் பணபலத்துடன் போட்டியிட்ட மக்கின்லி 271க்கு 176 என்னும் தெரிவாளர் வாக்குகளால் வென்றார். மக்கள் கட்சி அதன்பின் ஒரு சக்தியாக எழவில்லை.

மதிப்பீடு

இவ்வியக்கத்தை வரலாற்றாசிரியர் பலவாறு மதிப்பிட்டுள்ளனர். ஜோன் ஹிக்ஸ் 1931இல் இதனைப் பொருளாதார இடர்ப்பாட்டின் நியாயமான எதிரொலியாகக் கண்டார். ரிச்சர்ட் ஹொவ்ஸ்ரற்றர் 1955இல் இதனிடத்துப் பழமையேக்கத்தையும் சதிக்கோட்பாட்டு மனப்பாங்கையும் வலியுறுத்தினார். லோறன்ஸ் குட்வின் 1976இல், கூட்டுறவு அனுபவத்தினூடாக மக்கள் அரசியலறிவு பெற்றமையே இதன் சாரம் என்றார். சார்ள்ஸ் பொஸ்ரல் 2007இல், இவர்கள் பழமைவாதிகளல்லர், நவீன அமைப்பு முறைகளையும் விஞ்ஞானத்தையும் நாடியவர்கள் என நிறுவ முயன்றார். இவற்றுள் குட்வினின் கருத்து எமது நோக்குக்கு மிக நெருக்கமானது. எனினும், கூட்டணியின் அக வகுப்பு முரண்பாட்டுக்கும் நிறபேதத்துக்கும் அவர் அளித்த முக்கியத்துவம் போதுமானதன்று என்பது எமது கருத்து.

கோரிக்கைகள் பல பின்னர் நிறைவேறின. வருமானவரிக்கும் செனற்றர்களின் நேரடித் தெரிவுக்குமான அரசியலமைப்புத் திருத்தங்கள் 1913இல் வந்தன. அஞ்சற் சேமிப்பு வங்கிக்கான சட்டம் 1910இல் வந்தது. களஞ்சியப்படுத்திய பயிருக்கு அரசு கடன் வழங்கும் முறை, உப திறைசேரித் திட்டத்தை நினைவூட்டும் வடிவில், 1933இல் வந்தது. தென்னாபிரிக்காவிலிருந்தும் குளொண்டைக்கிலிருந்தும் பொன் பெருகியபோது 1890களின் இறுதியில் விலைகள் உயர்ந்தமை, பணச்சுருக்கம் பற்றிய விவசாயிகளின் கணிப்புத் தவறானதன்று என்பதையே காட்டிற்று. ஆயின் இவை வந்த வேளையில், இவற்றைக் கோரிய மக்களின் அமைப்புக் கலைந்துபோயிருந்தது. புகையிரதத்தையும் கடனையும் உற்பத்தியாளரின் கட்டுப்பாட்டுக்குள் கொணர்தல் என்னும் மையக் கோரிக்கை நிறைவேறவில்லை.

ரேணரின் கூற்றுக்கு இப்போது திரும்பலாம். எல்லைப்புறம் விவசாயிக்குக் காணியைத் தந்தது, சுதந்திரத்தைத் தரவில்லை. காணி உறுதி அவன் கையிலிருக்க, கடனும் போக்குவரத்தும் சந்தையும் பிறர் கையிலிருந்தன. அமெரிக்க விவசாயிகள் இவ்வுண்மையை நூல்களிலிருந்தன்றித் தமது கூட்டுறவுகளின் தோல்வியிலிருந்து கற்றனர். கற்றதைக் கோரிக்கையாக வடித்தனர். அதற்காக அமைப்பொன்றையும் கட்டினர். இது அவர்களின் பெருமை. தாம் உழுத நிலம் யாரிடமிருந்து வந்தது என்பதை அவர்கள் வினவவில்லை. தம்மோடு அதே கடைக்காரனின் கணக்கிற் சிக்கியிருந்த கறுப்பின உழவனைத் தமது அமைப்பின் வாயிலுக்கு வெளியே நிறுத்தினர். அவனை உள்ளே அழைக்கச் சிலர் துணிந்தபோது காலம் கடந்திருந்தது. 1890களில் அவர்களின் எதிரிகள் முதலிற் பயன்படுத்திய ஆயுதம் இவ்வாயிலே என்பதை, சிறு விவசாயிகளின் இயக்கங்களை ஆராய்வோர் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.